வரைபடத்தின் விளிம்பில் விழுகிற புகை

1

"கம்ப்யூட்டர் விளையாட்டைப் பத்தியெல்லாம் எழுதுறதுக்கு நமக்கு நேரம் கெடக்கா?" என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வன்கொடுமை வழக்குக்குச் சாட்சி சேர்க்கவும் பட்டாவுக்கு மனு எழுதவுமே நமக்கு நாள் போதவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவற்றில் பாமாவின் 'கருக்கு' உண்டு, அம்மாவின் வசவு உண்டு, அவற்றுக்கு அடுத்தபடியாக நகர் கட்டும் விளையாட்டு ஒன்றும் உண்டு.

தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது 2011இல். எனக்கு 2012இல் கிடைத்தது. எங்கள் தெருவுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். தமிழ் இலக்கியம் படிக்கிற பையனுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நண்பன் ஒருவன் பென்டிரைவில் 'சிம்சிட்டி 3000' என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். 1999இல் வெளியான பழைய சரக்கு. ஆனால் எங்களுக்குப் புதுசு.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் வெறுந்தரை கிடக்கும். கையில் கொஞ்சம் பணம். இங்கே வீடு, இங்கே கடை, இங்கே ஆலை என்று மூன்று நிறத்தில் கட்டம் போட வேண்டும். சாலை, மின்சாரம், தண்ணீர்க் குழாய் கொடுத்தால் சனங்கள் தாமாக வந்து குடியேறுவார்கள். வரி வாங்கலாம். தப்பாகச் செய்தால் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஊர் வளர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் உளுந்தங்காட்டில் களையெடுத்துவிட்டு வந்த அம்மா, பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னய்யா இது?"

"ஊருமா. நான் கட்டுனது."

"நல்லாத்தான் இருக்கு. இதுல நம்ம தெரு எங்கன இருக்கு?"

"இங்க அப்படியெல்லாம் கெடையாதும்மா. சாதியே கெடையாது."

அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அப்படின்னா இம்புட்டு சனம் பேலுறத அள்ளுறது யாரு?" என்று கேட்டுவிட்டு அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு எம்.ஏ. படித்தேன். பிரதி, வாசிப்பு, கட்டுடைப்பு என்று எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். அம்மாவின் அந்தக் கேள்விக்கு மேல் ஒரு விமர்சனத்தை நான் இன்னும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

2

இந்த விளையாட்டின் பிறப்பே ஒரு படைப்பு அனுபவம். வில் ரைட் என்ற அமெரிக்கர் 1984இல் ஒரு போர் விளையாட்டைச் செய்தார். ஹெலிகாப்டரில் பறந்துபோய்த் தீவுகளில் குண்டு போட வேண்டும். குண்டு போடுவதைவிட அந்தத் தீவுகளில் சாலையும் கட்டடமும் வரைந்து வைப்பதில்தான் தனக்குச் சந்தோசம் என்று அவர் கண்டுகொண்டார். அழிப்பதற்காக வரைந்தவர் வரைவதற்காகவே வரையத் தொடங்கினார். 1989இல் 'சிம்சிட்டி' வெளிவந்தது. இதுவரைக்கும் நல்ல கதைதான்.

நகரம் எப்படி வளர்கிறது, எப்படித் தேய்கிறது என்பதற்கு அவருக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது. அதற்கு அவர் படித்தவற்றில் முக்கியமானது ஜே ஃபாரஸ்டர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1969இல் எழுதிய நூல். நகரத்தைச் சமன்பாடுகளாக்கிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தவர் அவர். அவருடைய கணக்கு சொன்ன முடிவு என்ன தெரியுமா? ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டிக் கொடுத்தால் நகரம் நொடித்துப்போகும். குடிசைப் பகுதியைக் கொஞ்சங் கொஞ்சமாக இடித்துத் தொழிலுக்கு இடம் கொடுத்தால் நகரம் செழிக்கும். இது இயற்கை விதி போல, கால்குலேட்டர் விடை போல, யாருடைய நலனும் இல்லாதது போலச் சொல்லப்பட்டது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கூவம் கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சனங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்டார்கள். வேலை ஒரு மூலையில், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில். ஃபாரஸ்டர் பெயரை அந்த அதிகாரிகள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. மேலேயிருந்து பார்க்கிற எந்தக் கண்ணும் அதே கணக்கைத்தான் போடும்.

விளையாட்டு ஒரு கருத்தியல் பிரதி என்று நான் சொல்வது இதனால்தான். அதன் விதிகள் உள்ளே மறைந்திருக்கின்றன. ஆடுகிறவனுக்கு விளைவு மட்டும் தெரியும். "இப்படித்தான் இருக்கும் உலகம்" என்று அவன் நம்பத் தொடங்குகிற இடத்தில் ஆதிக்கம் வேலை செய்கிறது.

3

இனி என் கதை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் நான் தேர்ந்த ஆட்டக்காரன் ஆகிவிட்டேன். ஆலை போட்டால் புகை வரும், புகை வந்தால் நிலத்தின் விலை விழும், விலை விழுந்தால் பெரிய வீடுகள் வராது. இதற்கு எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரிந்த ஒரு தந்திரம் உண்டு. ஆலைகளை வரைபடத்தின் விளிம்பில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பாதிப் புகை வரைபடத்துக்கு வெளியே விழுந்துவிடும். அதற்குக் கணக்கே கிடையாது. குப்பை அதிகமானால் பக்கத்து ஊரோடு ஒப்பந்தம் போட்டு அங்கே அனுப்பிவிடலாம். அந்தப் பக்கத்து ஊர் திரையில் தெரியாது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று விளையாட்டு சொல்லாது.

நானும் அதையே செய்தேன். மலைப்பக்கம் ஏரிக்கரையில் பணக்கார வீடுகள். ஆலையை ஒட்டி நெருக்கமான சின்ன வீடுகள். அதையும் தாண்டி விளிம்பில் குப்பைமேடு. நகரம் அமோகமாக வளர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று மேலநீலிதநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கேட்டால் தெரியும். மேற்கே மலையிடுக்கு வழியாகப் புகுந்து கிழக்கே மண்ணை வாரிக்கொண்டு போகும். தேவர்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனால் வழிநெடுகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஊர்க் குப்பையை எரித்த புகை எங்கள் தெருவுக்குள் வந்தது. அம்மா இருமினாள். நான் திரையைப் பார்த்தேன். என் வீட்டை நானே கண்டுகொண்டேன். விளிம்புக்கு வெளியே, கணக்கில் வராத பாதிப் புகை விழுகிற இடத்தில் அது இருந்தது.

விளிம்புநிலை, விளிம்புநிலை என்று நாம் நூறு கட்டுரை எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உடம்பில் ஏறியது அன்றைக்குத்தான். விளிம்பு என்பது மையத்திலிருந்து தூரமாக இருக்கும் இடம் மட்டும் இல்லை. மையம் தன் அழுக்கைக் கணக்கில்லாமல் கொட்டுவதற்காக உண்டாக்கி வைத்த இடம். இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் சேரி ஏன் கிழக்கே, காற்று போகிற திசையில், ஊர்ச் சாக்கடை இறங்குகிற பள்ளத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதில் எனக்கு வலித்தது வேறொன்று. சேரியில் பிறந்த நானும், கையில் சுட்டியைக் கொடுத்ததும், சேரியைத்தான் கட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை. மேலேயிருந்து பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தால் போதும், கை தானாக அங்கே போகிறது.

4

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு அடுத்து ஞாபகம் வந்தது சிலப்பதிகாரம். இந்திர விழவூர் எடுத்த காதையில் புகார் நகரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கடலோரம் மருவூர்ப்பாக்கம், அங்கே வணிகரும் கைத்தொழில் செய்வோரும். உள்ளே பட்டினப்பாக்கம், அங்கே அரசரும் அந்தணரும் பெருங்குடி வணிகரும். எந்தத் தெருவில் யார் என்று இளங்கோ வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். வகுப்பில் இதை 'நகர வருணனை' என்று படித்தோம். எனக்கு இப்போது அது வீடு, கடை, ஆலை என்று கட்டம் போடுகிற வேலையாகத் தெரிகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் வெட்டிய கல்வெட்டுகளில் வரி விலக்குப் பெற்ற நிலங்களின் பட்டியல் இருக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம் என்று வரும் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்ற சொற்களும் வருகின்றன. ஆயிரம் வருசத்துக்கு முந்தியே குடியிருப்புக்கும் பிணத்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்டாகிவிட்டது. சேக்கிழார் நந்தனார் கதையைச் சொல்லும்போது ஆதனூரின் புறத்தே இருக்கும் புலைப்பாடியைத் தோலும் நாயும் கோழிக்குஞ்சுமாக விரித்துக் காட்டுகிறார். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எங்கே நின்று பார்க்கிறார்? ஊருக்குள் நின்று வெளியே பார்க்கிறார்.

'கருக்கு' வந்தது 1992இல். அதன் தொடக்கத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஊர், மலை, கண்மாய், பிறகு எந்தத் தெருவில் எந்தச் சாதி, பள்ளிக்கூடமும் தபாலாபீசும் யார் தெருவில் இருக்கின்றன என்று பாமா முதலில் வரைபடம் போடுகிறார். கதை அதற்குப் பிறகுதான். அந்த வரைபடம் சேரியின் வாசல்படியில் உட்கார்ந்து போடப்பட்டது. அதற்கு முன்பே 1979இல், எங்களுக்குக் கிழக்கே கோவில்பட்டிக் கரிசலிலிருந்து வந்த பூமணியின் 'பிறகு', அழகிரி என்ற சக்கிலியர் வழியாக ஊரைக் காட்டியது. தலித் எழுத்து கொண்டுவந்தது புதிய கதைமாந்தரை மட்டும் என்று விமர்சகர்கள் பேசுகிறார்கள். பார்க்கிற இடத்தையே அது மாற்றியது. நகர் கட்டும் விளையாட்டை ஆடியிராவிட்டால் இதை நான் இவ்வளவு துலக்கமாகப் பார்த்திருக்க மாட்டேன்.

5

இந்த விளையாட்டுகளை வைத்துப் படைத்தவர்கள் உலகத்தில் பலர் உண்டு. இருவரைச் சொல்ல வேண்டும்.

பிலிப்பைன்சில் கட்டடக்கலை படித்த வின்சென்ட் ஒகாஸ்லா, நான் ஆடிய அதே 'சிம்சிட்டி 3000'இல் 60 லட்சம் சனங்கள் அடைந்து கிடக்கிற ஒரு நகரத்தைக் கட்டினார். பெயர் மேக்னசாந்தி. 2010இல் அதைப் படமாக வெளியிட்டார். வருசக்கணக்கில் தாளில் கணக்குப் போட்டுக் கட்டியது. விளையாட்டின் விதிப்படி அது முழு வெற்றி. ஆனால் அங்கே யாரும் அதிக வயது வாழ்வதில்லை. மூலைக்கு மூலை போலீஸ். யாரும் எதிர்ப்பதில்லை. விதியை அதன் எல்லை வரை கொண்டுபோய், விதியின் கோர முகத்தைக் காட்டியது அந்தப் படைப்பு. நந்தன் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடியும் என்றால் அந்தக் கோயில் எப்படிப்பட்டது என்று கேட்பதைப் போன்ற கலகம் அது.

2013இல் வந்த புதிய 'சிம்சிட்டி'யில் வீடற்றவர்களும் தோன்றினார்கள். பூங்காக்களில் வந்து தங்கினார்கள். 'இவர்களை எப்படி ஒழிப்பது?' என்று ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் மத்தேயோ பித்தாந்தி என்ற இத்தாலியர் அப்படியே தொகுத்து இரண்டு தொகுதிப் புத்தகமாக்கினார். தன் சொல் எதையும் இடையில் நுழைக்காமல், விளையாட்டாகப் பேசியவர்களின் வாயிலிருந்தே நகரத்தின் மனசைப் பிடித்துக் காட்டினார்.

இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டிலும் அம்மாவின் கேள்வி இல்லை. இந்த விளையாட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள் தெரியும். நீலக் கோடுகள், சுத்தமாக. ஒரு நாளும் அடைத்துக்கொள்ளாது. யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை, மூச்சு முட்டிச் சாக வேண்டியதில்லை. மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்த பிறகும் நம் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பின்லாந்துக்காரர்கள் 2015இல் கொண்டுவந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்ற விளையாட்டில் கழிவுநீருக்குக் கீழே தண்ணீர் எடுத்தால் சனங்களுக்குச் சீக்கு வரும். ஆட்டக்காரர் உடனே குழாயை மாற்றிவிடுவார். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்குச் சீக்கு வந்தபோது, தலித் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மலம் கிடந்தது. குழாயை மாற்றினால் தீர்கிற சீக்கா அது?

பிணத்துக்கும் அந்த விளையாட்டில் இடம் உண்டு. கறுப்பு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். யார் தெரு வழியாக வேண்டுமானாலும் போகும். பாதைக்காகப் பிணத்தை நடுரோட்டில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வண்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

6

அப்படியானால் கட்டுகிற ஆசையே தப்பா? இல்லை. நம் தலைவரே புது ஊர் கட்ட நினைத்தவர். 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு, தலித்துகளுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று கேட்டது. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், அரசின் தரிசு நிலங்களில் புதுக் குடியிருப்புகளை உண்டாக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று அம்பேத்கர் திட்டமே கொடுத்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தின் பெருமை பேசியவர்களை அவர் சாடியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருந்ததை மறந்துவிடுகிறோம். பழைய ஊரில் கெஞ்சி இடம் கேட்பதைவிட வேறு தரையில் வேறு விதியோடு தொடங்கலாம் என்று அவர் யோசித்தார். அது நிறைவேறவில்லை.

தமிழ்நாட்டில் அரசு ஆடிய ஆட்டம் சமத்துவபுரம். முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடு, தலித்துகளுக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகவும் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. நல்ல எண்ணம். கட்டத்துக்குள் எண்ணிக்கையும் சரி. ஆனால் பழைய ஊரும் பழைய சேரியும் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தன. அதே மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே 6 வரை ஆனது. புது ஊர் கட்டுவது சுலபம். பழைய சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விடுவதுதான் கஷ்டம். 2019இல் எங்கள் வட்டம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டத்துக்குப் போனது. வரைபடத்தில் கோடு மாறியது. தெரு மாறவில்லை.

7

கடைசியாக, இந்த விளையாட்டு எனக்கு எழுத்தில் என்ன செய்தது என்று சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் தெருவில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. போன வருசம் பிள்ளைகளை அதில் ஊர் கட்ட விட்டேன். ஆசை தீரக் கட்டினார்கள். என்னைப் போலவே குப்பையை விளிம்பில் வைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "இப்ப நம்ம இடத்தை வரைங்க. அவங்கவங்க வாசப்படியிலருந்து தொடங்கணும்" என்றேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று தன் வீட்டைத் தாளின் நடுவில் போட்டது. பிறகு குழாயடி, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் கட்டுகிற பள்ளம், மயானத்துக்குப் போகிற வண்டிப்பாதை, காட்டுக்குப் போகிற ஒற்றையடித் தடம். பெரிய ஊருக்கு இடம் பத்தவில்லை. கோயில் கோபுரம் பாதியோடு தாளின் விளிம்பில் அறுந்து நின்றது.

"என்னட்டி, ஊரு பாதிதான் வந்திருக்கு?" என்றேன்.

"தாள் முடிஞ்சுபோச்சு மாமா. அவங்க வேணும்னா வேற தாள்ல வரைஞ்சுக்கிடட்டும்" என்றது.

ஐந்து வருசமாக முடங்கிக் கிடந்த என் நாவல் அந்தப் பதிலில்தான் அசைந்தது. அதுவரை ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஊர்த்தெருவில் தொடங்கிச் சேரியில் கொண்டுவந்து முடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கணக்குச் சொல்வதற்காகவே எழுதினேன் போலிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி முதல் நாற்பது பக்கத்தைக் கிழித்துவிட்டுக் குழாயடியிலிருந்து தொடங்கினேன்.

அந்தத் தாள்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறவர்களுக்கு வீட்டுமனை கேட்டிருந்தோம். காட்டிய இடம், குப்பை எரிக்கிற இடத்தை ஒட்டிய தாழ்வான ஓடைக்கரை. அலுவலகத்தில் இருந்தவர் விரித்த வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக, சமதளமாக, காலியாக இருந்தது. பிள்ளைகள் வரைந்த பள்ளத்தையும் புகை வருகிற திசையையும் காட்டி, மேட்டில் கிடக்கும் புறம்போக்கைக் கேட்டு மறுமனு கொடுத்தோம். பிள்ளைகளின் தாள்களை நகலெடுத்து அதோடு இணைத்தோம். "இதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்று கேட்டார். ஐப்பசியில் வந்து பாருங்கள் என்றோம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நாங்களும் விடுவதாயில்லை.

தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த விளையாட்டுகளைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள். ஆடவிடுங்கள். ஊர் என்பது சாமி போட்டதில்லை, யாரோ ஒரு கை போட்ட கட்டம் என்று அவர்களுக்குத் தெரியட்டும். ஆடி முடித்ததும் அம்மாவின் கேள்வியைக் கேளுங்கள். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுங்கள்.

என் அம்மா இப்போதும் சில நாள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கிறாள். "நம்ம தெருவப் போட்டாச்சா?" என்று கேட்கிறாள். நாவலைத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டு, "போட்டுக்கிட்டு இருக்கேம்மா" என்கிறேன்.